கத்தரிச் செடிக்கு ஓமத்தண்ணீர்

புவனகிரி
28 நவம்பர் 2010

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஹபீபு மரைக்காயர் அவர்களுக்கு முஹம்மது இஸ்மாயில் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் ஈப்போவில் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள். இங்கே தங்கள் தங்கை அமீனா பீவி சுகம். தங்கள் மருமகள் ஃபஹீமா சுகம். தாங்கள் பார்த்துத் தந்த மாப்பிள்ளை இம்தியாஸ் தேவைக்கு அதிகமாகவே சுகம். இந்த வீட்டில் சுகம் குறைந்து போனவன் நான் ஒருவன்தான். அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதை முழு மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். ஃபோனில் நான் 'மாப்பிள்ளை' என்று ஆரம்பித்ததுமே நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்ததும், "மச்சான், லைன் சரியில்ல, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். மலேசியா லைன் மற்றவர்களுக்கெல்லாம் பக்கத்து வீடு போலக் கேட்பதாகத்தான் இங்கே சொல்கிறார்கள். கடிதத்துக்கு லைன் கெடாது. ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுவதும் வாசியுங்கள்.

போன வருஷம் பெருநாளைக்கு ஊருக்கு வந்திருந்தபோது என் உரக்கடை நாற்காலியில் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பரங்கிப்பேட்டையில என் சிநேகிதர் மவன் ஒருத்தன் இருக்கான் மச்சான். வெவசாயத்துல எம்.எஸ்ஸி. அண்ணாமலை நகர்ல பிஎச்.டி. பண்றான். ஒங்க கடைக்குன்னே அல்லாஹ் அனுப்பி வெச்ச ஆளு." நானும் நம்பினேன். எனக்கோ முழங்கால் போய்விட்டது, கண்ணில் புரை விழுந்துவிட்டது, ஆண் பிள்ளை இல்லை. மாப்பிள்ளை கடையில் உட்காருவார், விவசாயி புள்ளி விழுந்த இலையைக் கொண்டுவந்து காட்டுவான், இவர் நோயின் பேரை இங்கிலீஷில் சொல்வார், அந்தப் பேரைக் கேட்ட பயத்திலேயே அவன் ரெண்டு மூட்டை ஜாஸ்தி வாங்கிக்கொண்டு போவான் என்று நான் கண்ட கனவை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நம் குடும்ப வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்தார். வருகிறவர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. வேன் வந்தது. முதலில் இறங்கியது ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். அடுத்து இறங்கியது இன்னொரு நீல டிரம். மூன்றாவதாக ஒரு சாக்கு மூட்டை. கடைசியில் ஒரு சின்னப் பெட்டியோடு மாப்பிள்ளை. எதிர்வீட்டு சுப்புராயன் என்னிடம் மெதுவாக, "பாய், மாப்பிள்ளைக்கு மண்ணெண்ணெய் வியாபாரமா?" என்று கேட்டார். மண்ணெண்ணெய் வியாபாரமாக இருந்திருந்தால் இன்று இந்தக் கடிதமே எழுத வேண்டியிருக்காது.

அந்தச் சாக்கில் இருந்தது மண்டபம் ஊர்க் கடற்கரையிலிருந்து தருவித்த காய்ந்த கடல்பாசி. மாப்பிள்ளை அதைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, "மாமி, கடல்பாசி இருக்கு, நனையாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாமலை நகருக்கு பஸ் ஏறிவிட்டார். அப்போது நோன்பு மாதம். கடல்பாசி என்றால் உங்கள் தங்கைக்குத் தெரிந்த கடல்பாசி ஒன்றுதான். நோன்பு திறக்கப் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைத்து, வில்லை வில்லையாக வெட்டி வைப்பாளே, அது. மாப்பிள்ளை ஊருக்கே காய்ச்சிக் கொடுக்கும் அளவுக்கு ஒரு மூட்டை கொண்டுவந்திருக்கிறார், என்ன தாராளம் என்று பூரித்துப்போய், பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றி, பாலை ஊற்றி, சர்க்கரையைக் கொட்டி, ரோஸ் எசன்ஸும் விட்டுவிட்டாள். அரை மணி நேரத்தில் வீட்டுக்குள் கடலூர் துறைமுகம் வந்துவிட்டது. தேக்சாவுக்குள் பழுப்பும் கறுப்புமாக ஏதோ ஒன்று கொப்பளித்துக்கொண்டு இருந்தது. சுப்புராயன் வீட்டிலிருந்து எலி செத்துக் கிடக்கிறதா என்று கேட்டு ஆள் வந்தது. ரோஸ் வாசனையோடு எலி எங்காவது சாகுமா மச்சான்?

அசர் தொழுகை நேரத்துக்கு மாப்பிள்ளை வந்தார். அவர் பதறுவார், உங்கள் தங்கை அழுவாள், நான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு நின்றேன். அவர் தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தார். கரண்டியை விட்டுக் கிளறினார். பிறகு கேட்டார்: "எவ்ளோ நேரம் கொதிச்சுது மாமி?"

"ரொம்ப நேரம் தம்பி. கட்டியாவே மாட்டேங்குது."

"சாறு அருமையா எறங்கியிருக்கு. சர்க்கரை மட்டும் போடாம இருந்தீங்கன்னா வடிகட்டிச் செடிக்கு ஊத்தியிருக்கலாம்."

உங்கள் தங்கை அழவில்லை. சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவள் சமையலைப் பற்றி ஒரு சொல் சொன்னதற்கெல்லாம் மூன்று நாள் பேசாதிருந்தவள், தன் பால் பாசியைச் செடிக்கு மருந்து என்று சொன்ன மனிதரிடம் சிரிக்கிறாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் நான் தனி ஆள் என்று.

அந்த டிரம்களில் என்னதான் செய்கிறார் என்று ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டேன். பாசியை ஊறவைத்து வடித்த சாறாம். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுக்கு அதைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் வேர் ஓடுமாம். அதற்கு உயிரூக்கி என்று பெயராம். நான் முப்பது வருஷம் உரம் விற்றவன். எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வியைத்தான் கேட்டேன்.

"இதுல தழைச்சத்து எவ்ளோ இருக்கு?"

"சொல்லிக்கிற மாதிரி இல்ல மாமா."

"மணிச்சத்து?"

"அதுவும் இல்ல."

"சாம்பல்சத்து?"

"கொஞ்சம் இருக்கும். அதுக்காக ஊத்தறதில்ல."

"ஒண்ணுமே இல்லாத தண்ணிய எதுக்குய்யா செடிக்கு ஊத்தறீங்க?"

"மாமா, இது சாப்பாடு இல்ல. சாப்பாட்டைச் செடி எடுத்துக்க வெக்கிற சமாச்சாரம். பக்க வேர் ஜாஸ்தியா வந்தா ஜாஸ்தி எடத்துல போயித் தேடும். எடுத்த நைட்ரேட்டை இலைக்குள்ள மாத்தறதுக்கு ஒரு நொதி இருக்கு. அது நல்லா வேலை செஞ்சாத்தான் நீங்க விக்கிற யூரியா செடிக்கு ஒடம்புல ஒட்டும். இல்லன்னா பாதி தண்ணியோட போயிடும்."

மச்சான், நிதானமாக யோசித்துப் பாருங்கள். என் கடைச் சரக்கு செடிகளுக்குச் செரிக்காமல் வயிற்றில் கிடக்கிறதாம். அதற்கு இவர் ஓமத்தண்ணீர் கொடுக்கிறாராம். இதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகம், ஒரு ஸ்காலர்ஷிப், ரெண்டு டிரம். கைப்பிள்ளைக்கு வயிறு உப்பினால் ஓமத்தண்ணீர் கொடுக்க உங்கள் தங்கைக்கு எந்த பிஎச்.டி. தேவைப்பட்டது?

சரி, செடியையாவது வளர்க்கிறாரா என்றால், பிடுங்குகிறார்! கொல்லையில் வரிசை வரிசையாகப் பைகளில் கத்தரிச் செடி. நான் காலையில் பல் விளக்கும்போது பார்த்துச் சந்தோஷப்படுவேன், பச்சைப்பசேலென்று நிற்கும். பார்த்து இரண்டு நாள் ஆகாது, நல்ல செடியாகப் பார்த்துப் பிடுங்கி, மண்ணை அலசி, வேரைக் கண்ணாடித் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு புருஷனும் பெண்சாதியுமாகக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அலசுவது எதில் தெரியுமா? உங்கள் தங்கையின் ஆப்ப மாவு சல்லடையில். என் மகள் ஒரு நூலை வேரின் மேல் வளைத்து வளைத்து வைத்து அளக்கிறாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க வைத்தேன். தையற்காரி போல வேருக்கு அளவெடுத்துக்கொண்டு இருக்கிறாள். "அத்தா, இங்க பாருங்களேன், இதுக்கு எவ்ளோ பொடி வேர்!" என்று என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. வேரைப் பார்த்து உரம் விற்றவன் எவனும் கிடையாது. இலை பச்சையாக இருந்தால் சரி, மஞ்சளாக இருந்தால் யூரியா. என் தொழில் அவ்வளவுதான், அது போதுமாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் நான் கண்புரைக்குப் புதுச்சேரி போய்ப் படுத்தேன். வேறு வழியில்லாமல் கடைச் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். கண்ணில் கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து கடைக்குள் நுழைந்தால், நான் போகும்போது அடுக்கியிருந்த யூரியா மூட்டைகள் அப்படியே நிற்கின்றன. சரி, ஊருக்கே மழையில்லை போலும் என்று நினைத்தேன். அந்த நேரம் ஒரு விவசாயி உள்ளே வந்து டி.ஏ.பி. கேட்டார். என் காது கேட்க, என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை சொல்கிறார்: "போன வாரந்தானே வாங்கிட்டுப் போனீங்கண்ணே? அதையே செடி இன்னும் எடுத்திருக்காது. வீணாப் போடாதீங்க. அடுத்த மாசம் வாங்க." விவசாயி கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். புதிதாகத் தெரிய ஆரம்பித்த கண்ணால் நான் முதலில் பார்த்தது இதைத்தான். புரையோடு இருந்திருந்தால் அந்த விவசாயி திரும்பிப் போகிற முதுகையாவது பார்க்காமல் தப்பித்திருப்பேன்.

அன்றைக்குச் சோறு சாப்பிடும்போது தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். "இந்த ஊட்ல ஒண்ணு அந்த டிரம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

ஃபஹீமா தட்டைத் தள்ளி வைத்தாள். "டிரம் போனா நாங்களும் போறோம் அத்தா." மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். உங்கள் தங்கை எனக்கு ஒரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "நீங்க எங்க போவீங்க? முட்டி வலியோட?"

நான் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் ஒருநாள் எனக்கு நல்ல காலம் பிறந்தது. வெள்ளாற்றங்கரையில் கத்தரி போடுகிற செம்பியன் என்பவர் என் பழைய வாடிக்கை. கோபக்காரர், ஆனால் நேர்மையான மனிதர். அவர் கை நிறையக் கத்தரி நாற்றுகளை மண்ணோடு கொண்டுவந்து என் மேஜைமேல் எறிந்தார். ஒவ்வொரு நாற்றும் முட்டி உடைந்தவன் போலக் குறுகி நின்றது.

"இன்னா பாய் இது! ஒம் மாப்பிள்ள குடுத்த தண்ணிய ஊத்துனேன். செடி அப்புடியே நின்னு போச்சு! கொல்லை பூரா இப்புடித்தான் கெடக்குது!"

அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன். டிரம்களை எந்த வண்டியில் ஏற்றி அனுப்புவது என்றுகூட யோசித்துவிட்டேன். மாப்பிள்ளை எழுந்து வந்தார். செம்பியன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாற்றை எடுத்து வேரைத்தான் பார்த்தார்.

"எவ்ளோ கலந்தீங்கண்ணே?"

"ஒரு டேங்கு தண்ணிக்கு ஒரு மூடின்னு நீ சொன்ன. ஒரு மூடி ஊத்துனாலே நல்லதுன்னா, பாட்டிலையே ஊத்துனா எவ்ளோ நல்லது? பூராத்தையும் ஊத்திட்டேன்."

இந்த வாதத்தில்தான் மச்சான் என் கடை முப்பது வருஷமாக நடக்கிறது. அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையோ நாற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முகமெல்லாம் மலர்ந்து, "மாமா, இங்க பாருங்க! நுனி கறுத்து, பக்க வேரெல்லாம் கட்டை கட்டையா நின்னுடுச்சு. அளவு மீறுனா தூண்டறதே தடுத்துடும். நான் எழுதி வெச்சிருந்தது சரிதான்!" என்றார்.

"என் செடி சாவுது, இந்த ஆளு சந்தோசப்படறாரு!" என்று செம்பியன் கத்தினார். தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். "பெண்ணாடத்துல கட்டிக் குடுத்த என் பொண்ணு பொன்னி மாசமா இருக்கா. இந்தக் காய நம்பித்தான் வளகாப்புக்கு நாள் குறிச்சிருக்கேன். அவ மாமியா ஊட்டுக்கு முன்னால நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன்?"

மாப்பிள்ளையின் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. நாற்றை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "வாங்கண்ணே, கொல்லையப் போயிப் பாக்கலாம்" என்று செம்பியனின் டி.வி.எஸ்.ஸில் பின்னால் ஏறிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம்தான் வந்தார், இடுப்புவரை சேறு. வயலுக்கு நல்ல தண்ணீர் விட்டு விட்டு வடித்தார்களாம். பாதி தேறுமா என்பதே சந்தேகமாம்.

மறுநாள் காலை பல் விளக்கக் கொல்லைக்குப் போனேன். தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த குழித்தட்டு நாற்றுகளை, அவர் ஆராய்ச்சிக்கென்று அளவு அளவாகச் சாறு ஊற்றி வளர்த்து, அடுத்த வாரம் நடுவதற்குத் தயாராக வைத்திருந்த நாற்றுகளை, புருஷனும் பெண்சாதியும் ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு இருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் செருகியிருந்த பெயர்க்குச்சியை ஃபஹீமா பிடுங்கிப் பிடுங்கிக் கீழே போட்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

"எங்க போவுது இது?" என்றேன்.

"செம்பியண்ணன் கொல்லைக்கு மாமா. செத்த செடிக்குப் பதிலா நட்டுடலாம். முழுசுக்கும் பத்தாது. ஒரு பக்கத்துக்கு ஆவும். மிச்சத்துக்கு அவுரு வெளியில நாத்து வாங்கிக்கிறாரு."

"ஒங்க படிப்பு?"

"அடுத்த பருவத்துலதான் திரும்பப் போடணும்."

"அவன் பாட்டிலைக் கவுத்ததுக்கு நீங்க ஏன்யா குடுக்கணும்? ஒரு மூடின்னு நீங்க சொன்னீங்கல்ல?"

"வாயால சொன்னேன் மாமா. ஜாஸ்தி ஊத்துனா கெடுக்கும்னு சொல்லல. எனக்குத் தெரிஞ்சது அவுருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன். அது என் தப்புதானே?"

இவரை என்னவென்று சொல்வது? முப்பது வருஷத்தில் நான் விற்ற மூட்டைகளை அடுக்கி மேலே ஏறினால் இங்கிருந்து சிதம்பரம் கோபுரம் தெரியும். எத்தனையோ பேர் வயல் கருகியிருக்கும். நான் ஒருவன் வரப்பிலாவது போய் நின்றிருப்பேனா? "மழை இல்ல, வெதை சரியில்ல, ஆண்டவன் நாட்டம்" என்று சொல்லி அடுத்த மூட்டையைக் கொடுத்து அனுப்புவேன். வியாபாரம் என்றால் அதுதான். விற்ற பொருளின் பின்னாலேயே ஓடிப்போய் அது வயிற்றில் என்ன செய்கிறது என்று பார்க்கிறவன் கடை வைக்கக் கூடாது.

சரி, நம்மால் முடியாததை இவருடைய புரொஃபசராவது செய்வார் என்று காத்திருந்தேன். டாக்டர் அறிவுமதி என்று ஒரு அம்மா. கண்டிப்பானவர் என்று கேள்வி. நாற்று போன செய்தி கேட்டு அண்ணாமலை நகரிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். காலியான தாழ்வாரத்தைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்தார். நான் கதவோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, நாலு நல்ல வார்த்தை திட்டுவதைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன்.

"ஒரு சீசனே போச்சு இம்தியாஸ்."

"ஆமாங்க மேடம்."

"நாத்தைத் தூக்கிக் குடுத்தது மனுஷன் செய்யற வேலை. ஆராய்ச்சி பண்றவன் செய்யற வேலை இல்ல. நீ ரெண்டாவும் இருக்கணும்னா ஒரு வருஷம் ஜாஸ்தி ஆகும். பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க மேடம்."

"சரி, அந்த வீணாப் போன செடியெல்லாம் எங்க? அதையாவது எடுத்து வெச்சியா?"

திட்டு அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கறுத்த வேர்களைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் தங்கை சல்லடையைக் கொண்டுபோய் அவளாகவே கொடுத்தாள். அந்த அம்மா வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு, "பாய், ஒங்க வீடு நல்ல லேப்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மச்சான், இந்த வீடு என் அத்தா கட்டியது. லேப் இல்லை. டிரம்கள் இன்னும் ஒரு வருஷம் இங்கேதான் இருக்கும் என்பது மட்டும்தான் அந்தக் கண்டிப்பான அம்மா வந்து போனதில் எனக்குக் கிடைத்த தகவல்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். மாப்பிள்ளைக்கு நீங்கள்தான் பெரியவர். உங்கள் பேச்சைத் தட்ட மாட்டார். உடனே அவருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த ஓமத்தண்ணீரில் ஒன்றும் இல்லை, பாசியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, டிரம்மைக் கவிழ்த்துவிட்டு மாமனார் சொன்னபடி கடையில் உட்காருங்கள், விற்கிறதை விற்கிற மாதிரி விற்கப் பழகுங்கள் என்று எழுதுங்கள். அதற்கும் அவர் மசியவில்லை என்றால், ஈப்போ பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் எந்த வேலையானாலும் சரி, ஒன்று பார்த்து அழைத்துக்கொள்ளுங்கள். அங்கே மரம் பெரிது. பிடுங்கிப் பார்க்க முடியாது.

இங்கே வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டு இருக்கிறது. நான்கு நாளாக மழை விடவில்லை. வல்ல நாயன் உங்களுக்கும் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளும், குறையாத பரக்கத்தும், என் வீட்டில் காணாமல் போன நிம்மதியும் தருவானாக. பிள்ளைகளுக்கு என் துஆ. வீட்டில் சலாம் சொல்லவும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
மு. முஹம்மது இஸ்மாயில்

பின்குறிப்பு: 7 டிசம்பர். மழையால் இந்தக் கடிதம் தபால் பெட்டிக்குப் போகவில்லை. இன்றுதான் வெயில் அடித்தது. ஆனால் அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

முந்தாநாள் செம்பியன் வந்து, மாப்பிள்ளை இல்லாத நேரம் பார்த்து, என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோய்விட்டார். தகராறு செய்யத்தான் போகிறார் என்று நினைத்தேன். வெள்ளத் தண்ணீர் வடிந்து சேறாகக் கிடந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டி வலியோடு, நான் விற்ற உரம் போட்ட ஒரு வயலுக்குள் முதல் தடவையாக இறங்கினேன். ஒரு பக்கம், வெளியில் வாங்கி நட்ட நாற்று. மஞ்சளடித்துப் பாதி சாய்ந்து கிடந்தது. மறுபக்கம், நம் மாப்பிள்ளையின் நாற்று. இலை கொஞ்சம் வாடினாலும் நிமிர்ந்து நின்றது. பூவும் வைத்திருக்கிறது மச்சான்! "பாய், புடுங்கிப் பாரு" என்றார் செம்பியன். அந்தப் பக்கத்துச் செடியைத் தொட்டேன், வெண்ணெயில் செருகிய குச்சி போலக் கையோடு வந்துவிட்டது. இந்தப் பக்கத்துச் செடியை இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், ஒரு கூடை மண்ணோடு வந்தது. வாய்க்கால் தண்ணீரில் நானே அலசினேன். எண்ண முடியாத வெள்ளை வேர். சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். செம்பியன்தான் தூக்கிவிட்டார். வளைகாப்புக்கு நம் வீட்டிலிருந்து எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஆகவே மேலே எழுதியதில் சலாமையும் துஆவையும் தவிர மற்றதெல்லாம் ரத்து என்று எடுத்துக்கொள்ளவும். தோட்ட வேலை எதையும் பார்த்துவிடாதீர்கள். ஏற்கெனவே யாரிடமாவது வாய்விட்டிருந்தால் இல்லையென்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தச் செடியைக் கடை வாசலில் கண்ணாடி ஜாடியில் தொங்கவிட்டு, 'எங்கள் மாப்பிள்ளையின் உயிரூக்கி: வெள்ளத்திலும் விழாத வேர்' என்று போர்டு எழுதி மாட்டினேன். காலையிலேயே ஏழெட்டுப் பேர் பாட்டில் கேட்டு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வந்தார். போர்டைப் படித்தார். நாற்காலியைப் போட்டு ஏறிக் கழற்றிவிட்டார்!

"என்னய்யா பண்றீங்க? நான் கண்ணால பாத்தேன்!"

"நானும் பாத்தேன் மாமா. நம்ம நாத்து நட்ட பக்கம் மேடு. தண்ணி மொதல்ல வடிஞ்ச பக்கம் அது. வேர் ஊக்கியால வந்துச்சா, மேட்டால வந்துச்சான்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒரு கொல்லைய வெச்சிக்கிட்டு ஒண்ணும் சொல்லக் கூடாது. அடுத்த பருவம் நாலஞ்சு எடத்துல போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

மேடாம், மேடு! இத்தனையும் கண்முன்னால் நின்ற பிறகும் தன் சரக்கைத் தானே நம்பாத படிப்பு என்ன படிப்பு? வாசலில் வாடிக்கைக்காரர்கள் நிற்கிறார்கள்; இவர் அவர்களிடம் மேட்டையும் பள்ளத்தையும் விளக்கிக்கொண்டு இருக்கிறார். உங்கள் தங்கையும் என் மகளும் அவர் சொல்வதுதான் சரி என்கிறார்கள். இந்த வீட்டில் அந்த ஓமத்தண்ணீரை நம்புகிற ஒரே ஆள் இப்போது நான்தான். கடுமையாக ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருந்தேன் அல்லவா? அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதே கடுமையோடு எழுதுங்கள். காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.